பிள்ளைகளின் பயிற்சியும் நம் கையெழுத்தும்

நம் சங்க அங்கத்தினர்களின் இல்லங்களில் முன்னாளில் காணாத ஒரு மாறுதலை இன்று கண்டு மகிழ்கிறோம். குழித்தறியில் அமர்ந்து நெய்பவரின் மகள் வணிகவியல் பட்டப்படிப்பில் இருக்கிறாள். இரண்டு ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவரின் மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். தம் குலத்திலேயே முதன்முதல் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இவர்களே என்பதும் பல வீடுகளில் உண்மை. கட்டணத்துக்கு வழி தேடிப் பெற்றோர் எவ்வாறோ அவர்களைப் படிக்க வைத்துவிட்டனர். ஆனால் படிப்பின் நடுவே கல்லூரியிலிருந்து ஓர் அறிவிப்பு வருகிறது. விடுமுறையில் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் 30 நாட்கள் பயிற்சி பெற்று, அதற்குச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். யாரைக் கேட்பது, எவ்வாறு கேட்பது என்பது தெரியாமல் தகப்பனும் பிள்ளையும் தடுமாறுவது இங்கேதான்.

சென்ற கோடையில் ஒரு நெசவாளர் சங்கத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். உச்சிவேளையில் மூத்த அங்கத்தினர் ஒருவர் தம் மகனுடன் வந்து, செயலாளரின் மேசைமீது ஒரு தாளை வைத்தார். அப்பையன் அச்சங்கத்தில் 30 நாட்கள் பயிற்சி பெற்றான் என்றும், நன்னடத்தையும் ஆர்வமும் காட்டினான் என்றும் அதில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. பையனோ அதுவரை சங்க அலுவலகத்தின் படி ஏறியவனல்லன். “ஒரு கையெழுத்தும் முத்திரையுந்தானே ஐயா! சங்கத்துக்கு இதில் என்ன நட்டம்?” என்றார் பெரியவர். செயலாளர் நம் முகத்தைப் பார்த்தார். அன்று அப்பெரியவருக்கு நாம் சொன்ன விடையையே இங்கு எல்லா அங்கத்தினர்களுக்கும் பயன்படும் வண்ணம் விரித்து எழுதுகிறோம்.

பயிற்சி என்பது யாது?

கல்லூரிகள் ‘இன்டர்ன்ஷிப்’ என்றும் ‘உள்ளகப் பயிற்சி’ என்றும் குறிப்பது ஒன்றையே. படிக்கும் மாணவர் தம் படிப்பை விடாமல், குறிப்பிட்ட சில வாரங்கள் ஒரு தொழிற்கூடத்திலோ அலுவலகத்திலோ வயலிலோ இருந்து, அங்கு நடக்கும் வேலையைத் தாமே செய்து பழகுவதுதான் அது. நமக்கு இது புதிய கருத்தன்று. எந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளையும் எடுத்த எடுப்பில் பட்டுப் பாவில் கை வைப்பதில்லை. தார் சுற்றி, அறுந்த இழை முடிந்து, பெரியவர்கள் பாவு பிணைப்பதை அருகிருந்து பார்த்து, அதன் பின்னரே தறியில் அமர்கிறது. நாற்றுக்கட்டு சுமக்காதவனுக்கு நடவின் இடைவெளி கணக்கு விளங்குவதில்லை. நூலறிவுக்குக் கையறிவு துணையாக வேண்டும் என்ற நம் பழைய நெறியையே கல்லூரிகள் இன்று பாடத்திட்டத்தில் சேர்த்திருக்கின்றன.

சில படிப்புக்களில் இது நெடுநாளாக உள்ள ஏற்பாடு. மருத்துவம் படித்தவர் இறுதித் தேர்வில் வென்ற பின்னும் 12 மாதங்கள் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்தாக வேண்டும். சட்டம் படிப்போர், இந்திய வழக்குரைஞர் குழுமத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பாயின் 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பாயின் 20 வாரமும் பயிற்சி முடிக்க வேண்டும். வேளாண்மைப் பட்டப்படிப்பு மாணவர்கள் இறுதியாண்டில் கிராமங்களில் தங்கி, உழவரோடு வயலில் இறங்கிப் பணி அனுபவம் பெறுவதை நம் உழவர் அங்கத்தினர் பலர் நேரிலேயே கண்டிருப்பர். அப்பொழுது ஆசிரியராக இருந்தவர் அவ்வுழவர்தாம் என்பதை மறத்தலாகாது.

இதனோடு குழப்பிக்கொள்ளத் தகாதவை இரண்டு உண்டு. ஒன்று, தொழிற்பழகுநர் பயிற்சி. இது 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் வருவது. ஒப்பந்தமும் உதவித்தொகையும் உடையது. பட்டமோ பட்டயமோ பெற்றபின் இதில் சேர விரும்புவோர்க்குச் சென்னை தரமணியிலுள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழிகாட்டும். மற்றொன்று, உத்தியோகம். உள்ளகப் பயிற்சி முடித்தவருக்கு அங்கேயே வேலை கிடைத்தல் கூடும். ஆயினும் அது உரிமையன்று. ‘பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார்கள், இனி வேலை உறுதி’ என்று எண்ணிக் கடன் வாங்குவது பிழை.

நாம் பெற்ற பாடம்

பிறருக்கு அறிவுரை கூறும் முன் நம் குற்றத்தைச் சொல்லிவிடுதல் முறை. நாம் வணிகவியல் படித்த காலத்தில் நம் கல்லூரியிலும் இவ்வாறே 30 நாட் பயிற்சி கேட்டார்கள். தந்தையாருக்கு அறிமுகமான ஒரு நூல் வியாபாரியிடம் சென்றோம். தேநீர் கொடுத்தார், கையெழுத்திட்டார். அரைமணி நேரத்தில் 30 நாட் பயிற்சி முடிந்தது. அவ்விடுமுறை முழுவதும் கிரிக்கெட்டில் கழிந்தது. சான்றிதழுக்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்தது.

பின்னர் இவ்வேலையில் சேர்ந்து, முதன்முதலாக ஒரு நெசவாளர் சங்கத்தின் நூல் இருப்பைச் சோதிக்கச் சென்றோம். ஒரு நெசவாளருக்குப் பாவுக்கும் ஊடைக்கும் கொடுத்த நூலின் எடையை ஒரு பக்கமும், அவர் நெய்து ஒப்படைத்த துணியின் எடையை மறுபக்கமும் எழுதிக் கழித்தோம். அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வித்தியாசம் வந்தது. ‘நூல் குறைவு’ என்று அவர் பெயரில் குறித்தோம். அடுத்த கூலியில் அதற்குரிய தொகை பிடிக்கப்பட்டது.

மறுமுறை சென்றபோது அவர் நமக்காகக் காத்திருந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. “ஐயா, தறி தின்ற நூலை யார் கணக்கில் எழுதுவீர்கள்?” என்று மட்டும் கேட்டார். தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, பாவின் கடைமுனையில் நெய்ய இயலாது நின்றுவிடும் இழைகளையும், தார் சுற்றும்போது அறுந்து கழியும் துணுக்குகளையும், தாரின் அடியில் மிஞ்சும் ஊடையையும் ஒன்றொன்றாகக் காட்டினார். சேதாரத்துக்கு இடம்விட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது நூல் கடையில் வேலை செய்யும் பையனுக்கும் தெரிந்த செய்தி. பட்டதாரியாகிய நமக்குத் தெரியவில்லை. பிழையைத் திருத்தி எழுதி, பிடித்த தொகை அவருக்குத் திரும்பக் கிடைக்க இரண்டு மாதங்கள் சென்றன. அவ்விரண்டு மாதமும் அவர் வீட்டில் எவ்வாறு சமாளித்தார்கள் என்று நாம் கேட்கவில்லை. கேட்கத் துணிவும் இல்லை.

அந்நூல் வியாபாரியின் கடையில் 30 நாட்கள் உண்மையாகவே நின்றிருந்தால் முதல் வாரத்திலேயே இதைக் கற்றிருப்போம். பொய்ச் சான்றிதழால் யாருக்கும் நட்டமில்லை என்பது தவறு. அந்த நட்டத்தை என்றோ ஒருநாள் நாம் அறியாத ஒருவர் தாங்குகிறார்.

எங்கே தேடுவது?

முதலில் தேட வேண்டிய இடம், வீட்டிலிருந்து சைக்கிளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் உள்ளது. பெருநகரத்து நிறுவனத்தில் பயிற்சி என்றால் பெருமை என்று பிள்ளைகள் எண்ணுவர். ஆனால் பயிற்சியின்போது பல இடங்களில் உதவித்தொகை தருவதில்லை. அறை வாடகையும் உணவுச் செலவும் பெற்றோர் தலையில் விழும். ஆகவே முதற்பயிற்சியை உள்ளூரிலும், அனுபவம் பெற்றபின் இரண்டாவதை வெளியூரிலும் வைத்துக்கொள்வது நலம்.

உள்ளூரில் என்ன இருக்கிறது என்று அலட்சியமாகக் கேட்பாருண்டு. நெசவாளர் சங்கம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், பால் உற்பத்தியாளர் சங்கம், கூட்டுறவு வங்கிக் கிளை, ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், நூற்பாலை, சாயப்பட்டறை, மண் பரிசோதனை நிலையம், பட்டயக் கணக்காளர் அலுவலகம், அச்சகம் ஆகியவற்றுள் நாலைந்தேனும் இல்லாத வட்டாரம் அரிது. வணிகவியல் மாணவருக்குச் சங்கத்தின் வரவு செலவும் இருப்புக் கணக்கும் பாடம். வேதியியல் மாணவருக்குச் சாயத்தொட்டியும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் பாடம். கணினி மாணவருக்கு நம் கடன் சங்கங்களே நல்ல களம். நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. கையெழுத்துப் பேரேட்டிலிருந்து கணினிக்குக் கணக்கு எவ்வாறு மாறுகிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பதினும் சங்கத்தில் பார்த்தறிவது மேல்.

இரண்டாவது இடம் கல்லூரியே. வேலைவாய்ப்புக்கென ஒரு பிரிவும், அதற்குப் பொறுப்பான ஆசிரியரும் பெரும்பாலான கல்லூரிகளில் உண்டு. முன்னாண்டு மாணவர்கள் எங்கெங்கே பயிற்சி பெற்றனர் என்னும் பட்டியலை அவரிடம் கேட்டுப் பார்க்கலாம். அம்மாணவர்களையே தேடிச்சென்று, அங்கே என்ன கற்றுக் கொடுத்தார்கள் என்று விசாரித்தல் இன்னும் நன்று. நம் பிள்ளைகள் ஆசிரியரிடம் சென்று கேட்கக் கூசுகின்றனர். கூச்சத்தை விட்டுக் கேட்கும் பிள்ளைக்கே பரிந்துரைக் கடிதம் கிடைக்கும்.

மூன்றாவது, வெளியூரிலுள்ள பெரிய அமைப்புக்கள். நெசவு சார்ந்த படிப்பினர் 1960ஆம் ஆண்டில் தோன்றிய சேலம் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தையும், காஞ்சிபுரத்திலுள்ள நெசவாளர் சேவை மையத்தையும், 1935ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தையும் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். கூட்டுறவுத் துறைக்கென்றே தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘சககார் மித்ரா’ என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. வேளாண்மை, கணினி முதலிய துறைப் பட்டதாரிகளுக்கும், வேளாண் வணிகம், கூட்டுறவு முதலியவற்றில் மேலாண்மைக் கல்வி பயில்வோருக்கும் 4 மாதங்கள் வரை உதவித்தொகையுடன் பயிற்சியளிப்பது அதன் நோக்கம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு மாணவர்க்கெனப் பயிற்சி இடங்களைப் பட்டியலிடும் இணையதளம் ஒன்றை நடத்துகிறது.

பிரதம மந்திரியின் உள்ளகப் பயிற்சித் திட்டத்தைப் பற்றிப் பலர் நம்மிடம் கேட்கின்றனர். 2024ஆம் ஆண்டு அக்டோபரில் அது தொடங்கியபோது வகுத்த விதிகளின்படி, 21 முதல் 24 வயது வரையுள்ளோர்க்குப் பெரிய நிறுவனங்களில் 12 மாதப் பயிற்சி தருவது. முழுநேரமாகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்போர் அதில் சேர இயலாது. ஆகவே அது விடுமுறைப் பயிற்சிக்கு உரியதன்று. படிப்பு முடிந்தபின் கருதத்தக்கது. எந்த அரசுத் திட்டமாயினும் அவ்வப்போது விதிகள் மாறும். அண்டைவீட்டார் சொல்லை நம்பாமல், விண்ணப்பிக்கும் அன்று உள்ள அறிவிப்பைப் பிள்ளையைக் கொண்டு முழுவதும் படிக்கச் செய்து கேட்க வேண்டும்.

எப்பொழுது தொடங்குவது?

கோடை விடுமுறை தொடங்கியபின் பயிற்சிக்கு இடம் தேடுவது, மழை பெய்தபின் வரப்புக் கட்டுவது போன்றது. மே மாதப் பயிற்சிக்கு முந்திய நவம்பர், டிசம்பரிலேயே முயற்சி தொடங்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் இன்னும் முன்னதாகவே கதவை மூடிவிடும். இந்திய ரிசர்வ் வங்கி, முதுநிலைப் படிப்பு மாணவர்க்குரிய கோடைப் பயிற்சிக்கு அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை விண்ணப்பம் பெற்று, ஏப்ரலில் பயிற்சியைத் தொடங்குவதை வழக்கமாகக் கொண்டுள்ளது. ஏப்ரலில் விசாரிப்பவனுக்கு அங்கே என்ன கிடைக்கும்?

ஆகவே காலத்தைப் பின்வருமாறு பகுத்துக்கொள்க. நவம்பரில் பத்து இடங்களின் பெயரும் முகவரியும் கொண்ட பட்டியல் தயாரித்தல். டிசம்பரில் கல்லூரியின் பரிந்துரைக் கடிதம் பெற்று விண்ணப்பங்கள் அனுப்புதல். பத்து நாட்களில் விடை வராத இடங்களுக்கு ஒருமுறை மரியாதையுடன் நினைவூட்டல். பிப்ரவரிக்குள் ஓரிடமேனும் உறுதியாகாவிடில் உள்ளூரில் நேரில் சென்று கேட்டல். ஒரே ஒரு விதையை விதைத்துவிட்டு நாற்றங்காலைப் பார்த்திருப்பார் இல்லை. பத்து இடத்துக்கு எழுதினால் எட்டு இடத்தில் மௌனமே விடையாகலாம். அது பிள்ளையின் தகுதிக் குறைவன்று. பெற்றோர் அதைச் சொல்லித் தேற்ற வேண்டும்.

விண்ணப்பம் எழுதும் முறை

நம் சங்கங்களுக்கு வரும் விண்ணப்பங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறோம். ‘நான் கடின உழைப்பாளி, எனக்கு ஒரு நல்வாய்ப்புத் தந்து என் எதிர்காலத்துக்கு ஒளியேற்ற வேண்டுகிறேன்’ என்று எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருக்கின்றன. படிப்பவருக்கு இதனால் ஒன்றும் விளங்குவதில்லை. நல்ல விண்ணப்பம் நான்கு செய்திகளைச் சொன்னால் போதும்: நான் யார், எந்த நாள் முதல் எந்த நாள் வரை வர இயலும், என்னால் செய்யக்கூடியது யாது, நான் கற்க விரும்புவது யாது. மாதிரியாக ஒன்று தருகிறோம்.

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் வணிகவியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். வரும் மே 2 முதல் மே 31 வரை தங்கள் அலுவலகத்தில் பயிற்சி பெற அனுமதி வேண்டுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு கைத்தறிகள் உள்ளன. நூல் வரவு, சேலை ஒப்படைப்பு, கூலி ஆகியவற்றை இரண்டு ஆண்டுகளாக நானே குறிப்பேட்டில் எழுதிவருகிறேன். கணினியில் கணக்கு அட்டவணை தயாரிக்கவும், தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்யவும் தெரியும். இருப்புக் கணக்கைச் சரிபார்க்கும் முறையை நேரில் கற்க விரும்புகிறேன். கல்லூரியின் பரிந்துரைக் கடிதத்தையும் ஒரு பக்க அளவில் என்னைப் பற்றிய விவரத்தையும் இணைத்துள்ளேன். தாங்கள் குறிக்கும் நாளில் நேரில் வந்து பேசக் காத்திருக்கிறேன்.”

இம்மாதிரியில் வீட்டுத் தறியைக் குறித்துள்ளதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். நம் பிள்ளைகளுள் பலர் அதனை மறைக்கின்றனர். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் ‘சுயதொழில்’ என்று எழுதி அப்பால் செல்கின்றனர். தறிக்கணக்கு எழுதியதும், சந்தையில் காய் நிறுத்து விலை பேசியதும், பம்புசெட்டைப் பழுதுபார்த்ததும் அனுபவமே. வேறெங்கும் வேலை செய்திராத மாணவருக்கு அதைக் காட்டிலும் சிறந்த தகுதி இல்லை. கூசாமல் எழுதுக.

மின்னஞ்சலில் அனுப்பும்போது பொருள் என்ற இடத்தில் ‘பயிற்சி வேண்டி விண்ணப்பம், மே மாதம், வணிகவியல் மாணவர்’ என்று தெளிவாகக் குறிக்க வேண்டும். பத்து நிறுவனத்தின் முகவரியையும் ஒரே மடலில் சேர்த்து அனுப்புதல் அவமதிப்பாகக் கருதப்படும். ஒவ்வோரிடத்துக்கும் தனித்தனியே, அவர்கள் செய்யும் தொழிலை அறிந்து, ஒரு வரியேனும் மாற்றி எழுத வேண்டும். எந்நாளில் எங்கே அனுப்பினோம், என்ன விடை வந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் பதிந்துவருதல் நன்று. பேரேடு எழுதும் பழக்கம் அங்கேயே தொடங்குகிறது.

பயிற்சி நாட்களில்

முதல் வாரத்தில் பெரிய வேலை எதுவும் தரமாட்டார்கள். கோப்புக்களை அடுக்கச் சொல்வார்கள். ரசீதுகளை எண்வரிசைப்படுத்தச் சொல்வார்கள். இதற்கா படித்தோம் என்று முகஞ்சுளிக்கலாகாது. ரசீதை வரிசைப்படுத்துபவனுக்கே எந்த ரசீது இல்லை என்பது தெரியும். நாள்தோறும் மாலையில் அன்று செய்த வேலையையும், விளங்காத ஒரு செய்தியையும் ஐந்து வரிகளில் எழுதி, மறுநாட் காலையில் அதைப் பற்றிப் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டும். முடிவில் கல்லூரிக்கு எழுதித்தர வேண்டிய அறிக்கைக்கு இந்நாட்குறிப்பே அடிப்படை. அலுவலகத்தில் கண்ட உறுப்பினர் கடன் விவரம், இருப்புத் தொகை முதலியவற்றை வெளியில் பேசலாகாது என்பதையும் பெற்றோர் முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, பயிற்சிக்கு இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம், வைப்புத்தொகை என்று கைப்பேசி வழியே பணம் கேட்பவரிடம் ஏமாறக் கூடாது. வேலை எதுவும் தராமல், சில பாடங்களை இணையத்தில் காட்டிச் சான்றிதழை விற்போரும் உளர். மூன்று கேள்விகள் கேட்டால் உண்மை வெளிப்படும்: எந்த இடத்தில் பயிற்சி? எனக்குக் கற்றுத் தருபவர் யார்? நான் செய்யப்போகும் வேலை என்ன? இவற்றுக்கு விடை சொல்லாது பணத்தை மட்டும் கேட்பவரை விட்டு விலகுக.

இரண்டாவது, பெண்மக்களைப் பற்றியது. மகளைத் தனியே அனுப்ப அஞ்சிப் பயிற்சியையே தடுத்துவிடும் பெற்றோர் உள்ளனர். அது அவள் கல்விக்கு ஊறு. இடத்தை நேரில் சென்று பாருங்கள். வேலை நேரத்தையும் பொறுப்பாளர் பெயரையும் எழுத்தில் பெறுங்கள். பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து காக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சி பெறுவோரையும் பணியாளராகவே கருதுகிறது. 10 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடத்தில் புகார் கேட்கும் உட்குழு இருந்தாக வேண்டும். இதை மகளுக்கும் சொல்லி வையுங்கள். குறை நேர்ந்தால் வீட்டில் முதலில் சொல்லும் தைரியத்தையும் கொடுங்கள்.

மூன்றாவது, செய்யாத பயிற்சிக்குச் சான்றிதழ் கேட்பது. அதன் விளைவை மேலே சொன்னோம்.

சங்கத்தின் கடமை

1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் 28 பேர் கூடிக் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கியதை நம் அங்கத்தினர்கள் அறிவர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். மாவும் வெண்ணெயும் விற்ற அக்கடை, பின்னர்த் தன் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கியது. கல்வியும் பயிற்சியும் கூட்டுறவுக் கொள்கைகளுள் ஒன்றாக இன்றும் உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளன. அக்கொள்கையை மகாசபைக் கூட்டத்தில் வாசித்துவிட்டு, வாசலில் வந்து நிற்கும் அங்கத்தினர் பிள்ளைக்குப் பயிற்சி தர மறுப்பது பொருந்துமா? பயிற்சி தராமலே கையெழுத்திடுவதுதான் பொருந்துமா?

ஒவ்வொரு சங்கமும் செய்யக்கூடியவை இவை. கோடைதோறும் ஒரு மாணவருக்கோ இருவருக்கோ இடமளிப்பதாக நிர்வாகக்குழு தீர்மானம் செய்க. ஜனவரியிலேயே அதனை அறிவிப்புப் பலகையில் எழுதுக. பணியாளர் ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்து, 30 நாட்களுக்கும் வேலைப் பட்டியல் தயாரிக்கச் செய்க. ரொக்கமும் கணினியின் கடவுச்சொல்லும் மாணவர் கையில் தரலாகாது. மற்ற எல்லாவற்றையும் காட்டலாம். வசதியுள்ள சங்கம் பேருந்துச் செலவையேனும் தரட்டும். முடிவில், செய்த வேலையை மட்டும் குறித்துச் சான்றிதழ் தருக.

அன்று வந்த பெரியவருக்கு நாம் நம் பழைய கதையைச் சொன்னோம். தறி தின்ற நூலைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “நாளைக் காலை எத்தனை மணிக்கு ஐயா வரவேண்டும்?” என்று செயலாளரைக் கேட்டார். பையன் 30 நாட்களும் வந்தான். நூல் வழங்கிய பதிவேட்டைக் கணினி அட்டவணையாக்கினான். இரண்டாம் வாரத்தில், ஒரே பெயருடைய இரு அங்கத்தினரின் கூலி வரவு ஒருவருக்கொருவர் மாறிப் பதிவாகியிருந்ததைக் கண்டு சொன்னான். குறைவாகப் பெற்றிருந்தவருக்கு அவ்வாரமே தொகை சேர்ந்தது. அப்பிழையை நாமும் கண்டிருக்கவில்லை. கடைசி நாளில் செயலாளர் புதிதாக எழுதிக் கையெழுத்திட்ட சான்றிதழில் நன்னடத்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவன் செய்த ஐந்து வேலைகள் வரிசையாக இருந்தன.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் சங்க அங்கத்தினர்களின் பிள்ளைகளுள் கல்லூரியில் பயில்வோர் எத்தனை பேர்? எவ்வெப் படிப்பில் உள்ளனர்?

2. நம் சங்கத்தில் ஒரு மாணவர் 30 நாட்களில் கற்கக்கூடிய வேலைகள் யாவை? கற்றுத்தரும் பொறுப்பை ஏற்பவர் யார்?

3. நம் வட்டாரத்தில் வேறு எந்தச் சங்கங்களோடும் நிறுவனங்களோடும் பேசிப் பயிற்சி இடம் பெறலாம்?

4. இதுவரை பயிற்சி தராமல் சான்றிதழ் தந்துள்ளோமா? இனி அவ்வாறு செய்வதில்லை என்று தீர்மானம் செய்ய நிர்வாகக்குழு இசைகிறதா?